மைனஸ் முப்பதில் ஒரு காரைக் கட்டி மேய்ப்பது எப்படி: வினிபெக் குளிருக்கான முழு வழிகாட்டி

நான் கனடாவின் வினிபெக்கில் வந்து இறங்கியது ஓர் ஆகஸ்ட் மாதம். வெயில் 30 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்தில் பாதி வண்டிகளின் முகப்பில் ஒரு கறுப்பு பிளக் நாக்குபோலத் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, 'பரவாயில்லையே, இங்கே எல்லாரும் மின்சாரக் கார்தான் வைத்திருக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டேன். அது எதற்கு என்று புரிந்தது ஜனவரியில்தான். மைனஸ் 33 டிகிரி. சாவியைத் திருப்பினேன். செல்ஃப் எடுக்கவில்லை. வண்டி ஒரே ஒரு முறை முனகிவிட்டு அடங்கிவிட்டது.

அப்படி முதல் குளிர்காலத்தைப் பார்க்கப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வினிபெக் இருக்கும் மானிடோபா மாகாணத்தை வைத்துச் சொல்கிறேன். சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா, வடக்கு ஒன்டாரியோவுக்கும் இதே கதைதான். டொரன்டோ பக்கம் குளிர் குறைவு, உப்புத் தொல்லை அதிகம். அதற்குத் தனியாக வருகிறேன்.

படிப்படியாகப் போகுமுன் ஒன்று. குளிர்காலத்துக்கான வண்டி வேலையைக் குளிர்காலத்தில் செய்ய முடியாது. மைனஸ் 30ல் வெறுங்கையால் ஒரு ஸ்பேனரைப் பிடித்தால் தோல் இரும்போடு ஒட்டும். கையுறை போட்டால் நட்டு பிடிபடாது. அந்த நேரத்தில் நல்ல மெக்கானிக்குகள் எல்லாரிடமும் வரிசை நிற்கும். அதனால் கீழே உள்ளவற்றில் முதல் ஐந்து படிகளும் செப்டம்பர், அக்டோபரில் முடிந்திருக்க வேண்டும்.

முதல் படி: வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால் கிலோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் முகப்பில் அந்த பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் இன்ஜினைக் கதகதப்பாக வைக்கும் பிளாக் ஹீட்டரின் வால். மிதமான குளிருள்ள வான்கூவர் போன்ற இடங்களிலிருந்து வந்த வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது. பிறகு பொருத்திக்கொள்ளலாம், ஆனால் தனிச்செலவு. சூடாகும் இருக்கையும், ரிமோட் ஸ்டார்ட்டரும் ஆடம்பரம் என்று ஊரில் இருக்கும்போது நினைத்திருப்பீர்கள். இங்கே அவை ஏசி மாதிரி. இருந்தால் நிம்மதி, இல்லாவிட்டாலும் வாழலாம்.

வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும் வண்டியின் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிரும். துரு எங்கே பிடித்திருக்கிறது என்பது முக்கியம். சைலன்சரில் மேலோட்டமான துரு எல்லா வண்டியிலும் உண்டு. சட்டத்திலோ பிரேக் குழாய்களிலோ செதில் செதிலாக எழும்பியிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

இரண்டாம் படி: பேட்டரி

இங்கே காலையில் வண்டி மக்கர் பண்ணினால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். காரணம் எளிது. பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிர்ந்தால் வேகம் குறையும். மைனஸ் 18 டிகிரியில் ஒரு பேட்டரியின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக பலம் வேண்டியிருக்கும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: பேட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் கோடைதான். ஜூலை வெயில் உள்ளிருக்கும் தகடுகளை அரிக்கிறது. அந்தச் சேதம் குளிரில்தான் வெளியே தெரிகிறது. என் வண்டி ஜனவரியில் படுத்ததற்கு ஆகஸ்டிலேயே வித்து விழுந்திருக்கும்.

அதனால் செப்டம்பர் கடைசியில் ஒரு வோல்ட்மீட்டரை எடுத்து, இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் வாசி. 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. இது சார்ஜை மட்டும்தான் சொல்லும், பேட்டரியின் உடல்நிலையைச் சொல்லாது. அதற்கு லோடு டெஸ்ட் எடுக்க வேண்டும். உதிரிபாகக் கடைகள் பலவற்றில் இலவசமாகவே பார்த்துச் சொல்வார்கள். நான்கு ஐந்து வயதான பேட்டரி தேர்வில் தடுமாறினால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். 'இன்னும் ஒரு வருஷம் ஓடும்' என்று நானும் கணக்குப் போட்டேன்.

புதிது வாங்கும்போது சிசிஏ என்ற எண்ணைக் கேளுங்கள். மைனஸ் 18 டிகிரியில், 30 விநாடிக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதே அது. உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்னதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. முழு சார்ஜுள்ள பேட்டரி மைனஸ் 50க்கும் உறையாது. காலியான பேட்டரிக்குள் அமிலம் நீர்த்துப்போய்க் கிடக்கும், அது மைனஸ் 10 பக்கமே உறைந்துவிடும். பக்கவாட்டில் புடைத்து நிற்கும் பேட்டரியை ஒருபோதும் சார்ஜ் செய்யவோ, வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுக்கவோ முயலாதீர்கள். வெடிக்கலாம்.

மூன்றாம் படி: டயர்

'நாலு பருவத்துக்கும்' என்று விற்கும் டயர் எங்கள் ஊரில் மூன்று பருவத்துக்குத்தான். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். மைனஸ் 20ல் அது ஹாக்கி ஆடும் ரப்பர் வில்லை. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். அதன் கட்டைகளின் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகளின்) மேல் பிளேடால் கீறியதுபோல ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். பனியைக் கவ்விப் பிடிப்பது அவைதான்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முத்திரை பனியில் சோதித்த டயருக்குத்தான் கிடைக்கும். சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது கட்டை அமைப்பைப் பற்றிய வார்த்தை, சோதனைச் சான்று அல்ல.

நான்கையும் மாற்ற வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் வண்டிதானே என்று முன்னால் மட்டும் இரண்டு போட்டால், வளைவில் பின்பக்கம் உங்களை முந்திப் போகப் பார்க்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் டயர் தேவையில்லை என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வசதி வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்துவதற்கு எல்லா வண்டிக்கும் பிரேக்கும் டயரும்தான். நெடுஞ்சாலைப் பள்ளத்தில் கிடக்கும் பெரிய எஸ்யூவிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

தனியாக நான்கு இரும்பு ரிம் வாங்கி, குளிர்கால டயர்களை அதிலேயே நிரந்தரமாக மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் செலவு. ஆனால் வருஷத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டும் கூலி மிச்சம், டயருக்கும் சேதமில்லை. ஜாக்கி இருந்தால் வீட்டு வாசலிலேயே நீங்களே மாற்றிவிடலாம். மாற்றியபின் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி ஒரு முறை முறுக்கிப் பார்க்க மறக்காதீர்கள்.

புதிய குளிர்கால டயரின் கட்டை ஆழம் 8 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். 4க்கு வந்துவிட்டால் பனிக்கு லாயக்கில்லை, கோடையில் ஓட்டித் தேய்த்துவிடலாம்.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பாலான மலைச் சாலைகளுக்கு அக்டோபர் 1லிருந்தே கட்டாயம். மானிடோபாவில் கட்டாயமில்லை, ஆனால் அரசின் காப்பீட்டு நிறுவனமான மானிடோபா பப்ளிக் இன்ஷூரன்ஸ் இந்த டயர் வாங்குவதற்கென்றே குறைந்த வட்டிக்குக் கடன் தரும் திட்டம் வைத்திருக்கிறது. கையில் பணமில்லாமல் வந்த முதல் வருஷத்தில் எனக்கு அது கை கொடுத்தது. ஒன்டாரியோவில் குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் தள்ளுபடி உண்டு, 2016லிருந்து. கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள்.

காற்று. வெப்பம் 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் டயரில் ஒரு பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரியில் 35 அடித்த டயர் மைனஸ் 20ல் 28 காட்டும். பஞ்சர் என்று பதறாதீர்கள். மாதம் ஒரு முறை, வண்டி ஓடாமல் குளிர்ந்து நிற்கும்போது அளந்து நிரப்புங்கள்.

நான்காம் படி: திரவங்கள்

கூலண்டை ஊரில் 'தண்ணி' என்போம். பச்சைத் தண்ணீரை ஊற்றியே காலம் தள்ளிய வண்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே அப்படிச் செய்தால் ஒரே ராத்திரியில் இன்ஜின் பிளாக் விரிசல் விடும். தண்ணீரும், கூலண்டின் மூலப்பொருளான கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. கிளைக்காலை அறுபது சதவீதம் ஆக்கினால் மைனஸ் 50 வரை தாங்கும். 'அப்படியானால் முழுக்கக் கிளைக்காலே ஊற்றலாமே' என்று தோன்றும். கூடாது. தனிக் கிளைக்கால் மைனஸ் 13 பக்கமே உறைந்துவிடும். தண்ணீர் சேர்ந்தால்தான் அதற்குச் சக்தி. சில டாலருக்குக் கிடைக்கும் சோதனைக் குழாயால் உறிஞ்சிப் பார்த்தால் எந்த அளவு தாங்கும் என்று தெரிந்துவிடும்.

ஆயில் டப்பாவில் 'டபிள்யூ'வுக்கு முன்னால் இருக்கும் எண்தான் குளிருக்கானது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30ல் இன்ஜின் சுழலுமா என்று சோதிப்பார்கள், 0டபிள்யூவை மைனஸ் 35ல். கையேடு அனுமதித்தால் 0டபிள்யூ சிந்தெடிக்கைப் போட்டுவிடுங்கள், வேறு யோசனையே வேண்டாம்.

கண்ணாடி கழுவும் திரவம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பயந்தது இதில்தான். கோடையில் வாங்கிய நீலத் திரவம் தொட்டியில் பாதி மிச்சமிருந்தது. அதன் மேலேயே குளிர்காலத் திரவத்தை ஊற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்தேன். நவம்பர் கடைசியில் நகரைச் சுற்றிப்போகும் பெரிமீட்டர் நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். லாரி வாரி இறைத்த சேறும் உப்பும் கண்ணாடியில் படிந்தது. பொத்தானை அழுத்தினேன். பீய்ச்சிய திரவம் கண்ணாடியில் பட்டதும், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளைப் பூ பூத்ததுபோலப் பரவி உறைந்தது. வைப்பர் அதை இழுத்து முழுக் கண்ணாடிக்கும் பூசிவிட்டது. 90 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி எனக்கு எதுவுமே தெரியவில்லை. பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டித்தான் ஓரம் கட்டினேன்.

எனவே அக்டோபரில் பழைய திரவத்தை முழுவதும் பீய்ச்சித் தீர்த்துவிட்டு, மைனஸ் 40 என்று போட்டதை நிரப்புங்கள். அதிலிருப்பது மெத்தனால், விஷம். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். டிக்கியில் எப்போதும் ஒரு கேன் உபரி இருக்கட்டும். நெடுஞ்சாலையில் ஒரே நாளில் ஒரு தொட்டி காலியாகும்.

பெட்ரோலைப் பாதித் தொட்டிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சாலையில் மாட்டிக்கொண்டால் ஹீட்டர் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை அந்தப் பாதித் தொட்டிதான் முடிவு செய்யும்.

ஐந்தாம் படி: பிளக் போடுவது

எங்கள் ஊரிலிருந்து தெற்கே, எல்லையைத் தாண்டினால் நார்த் டகோட்டாவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் வரும். அந்த ஊர்க்காரர் ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949ல் காப்புரிமை வாங்கிய இன்ஜின் ஹீட்டர்தான் இந்தப் பகுதியில் பிளக் போடும் பழக்கத்துக்கு வழி திறந்தது. அதற்கு முன் இரவில் ஆயிலை வடித்து வீட்டுக்குள் எடுத்துப்போய் அடுப்போரம் வைத்து, காலையில் சூடாக ஊற்றியவர்கள் உண்டு.

இன்றைய பிளாக் ஹீட்டர் வெந்நீர் போடும் காயில் மாதிரிதான். கூலண்டுக்குள் மூழ்கியிருந்து அதைச் சூடாக்கும். அதன் வழியே இன்ஜின் கதகதப்பாகும். பேட்டரிக்கு நேரடியாக இதனால் பலன் அதிகமில்லை, அதற்கென்று தனியாகக் கம்பளம் போன்ற ஹீட்டர் கிடைக்கிறது.

மைனஸ் 15க்குக் கீழே போனால் பிளக் போடுங்கள். மைனஸ் 25க்குக் கீழே போட்டே ஆக வேண்டும். ராத்திரி முழுவதும் ஓட வேண்டியதில்லை; கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் தொடங்கினால் போதும், அதற்குமேல் இன்ஜின் சூடாகாது. வெளிப்புறத்துக்கான டைமர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். 600 வாட் ஹீட்டர் நாலு மணி நேரத்துக்கு 2.4 யூனிட் எடுக்கும். மானிடோபாவில் மின்சாரம் மலிவு, ஒரு காப்பிக்கு ஆகும் காசுகூட ஆகாது.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டுக்குள் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் ஒயர் இந்தக் குளிரில் கம்பிபோல விறைத்து, மடக்கினால் வெடிக்கும். குளிருக்கென்று செய்த தடித்த ஒயர் கேளுங்கள். நீளம் தேவைக்கு மேல் வேண்டாம்.

ஹீட்டர் வேலை செய்கிறதா என்று அக்டோபரிலேயே சோதியுங்கள். பிளக் போட்டுவிட்டு பானட்டருகே காதை வையுங்கள். கொஞ்ச நேரத்தில் பால் காயும்போது வருகிற மாதிரி மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள், இப்போதே.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது வண்டி நிறுத்துமிடத்தில் மின் இணைப்பு உண்டா, அது எந்நேரமும் ஓடுமா அல்லது விட்டு விட்டு ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில கட்டடங்களில் சிக்கனத்துக்காக அரை மணி ஓடி அரை மணி நிற்கும். அப்படியானால் உங்கள் டைமர் கணக்கு மாறும்.

கிளம்பும்போது பிளக்கைக் கழற்றுங்கள். சிரிக்காதீர்கள். நான் ஒரு முறை இருபது அடி ஆரஞ்சு ஒயரை வால்போல இழுத்துக்கொண்டு சிக்னல் வரைக்கும் போயிருக்கிறேன். பக்கத்து வண்டிக்காரர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டினார். வணக்கம் சொல்கிறார் என்று நானும் கையாட்டினேன். இப்போது பிளக் போடும்போதே ஒயரை, பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். ஓட்டுநர் கண்ணில் படாமல் போகாது.

ஆறாம் படி: டிக்கியில் இருக்க வேண்டியவை

பனி துடைக்கும் நீளமான பிரஷ், சுரண்டி, சின்ன மண்வாரி, பூஸ்ட் ஒயர் (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்க) அல்லது கையடக்க ஸ்டார்ட்டர், டார்ச், இரண்டு கம்பளி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, உலர்ந்த தின்பண்டம், ஒரு பை மணல். பூனைக்குப் போடும் களிமண் குருணையும் மணலுக்குப் பதிலாக உதவும். கையடக்க ஸ்டார்ட்டரை வண்டியிலேயே விட்டுவைத்தால் அதுவும் விறைத்துச் செத்துவிடும், இரவில் வீட்டுக்குள் எடுத்துப் போங்கள்.

உடை விஷயம்: வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை சூடான வண்டிதானே என்று செருப்பும் மெல்லிய சட்டையுமாகக் கிளம்பாதீர்கள். வண்டி வழியில் நின்றால் உங்களுக்கு இருப்பது நிமிடக் கணக்கு. குழந்தைகளுக்கு இதற்கு நேர்மாறான ஒரு விதியும் உண்டு. கார் இருக்கையின் பெல்ட்டுக்கு அடியில் தடித்த ஜாக்கெட் கூடாது. மோதலில் ஜாக்கெட் நசுங்கி, பெல்ட் தொளதொளத்துவிடும். மெல்லிய உடையோடு பெல்ட்டை இறுக்கி, ஜாக்கெட்டை மேலே போர்த்துங்கள்.

ஏழாம் படி: காலையில் கிளப்புவது

வானொலியில் 'மைனஸ் 30, காற்றோடு சேர்த்து மைனஸ் 43' என்பார்கள். இரண்டாவது எண் உங்கள் தோலுக்கு. காற்று வண்டியைச் சீக்கிரம் குளிர வைக்கும், ஆனால் மைனஸ் 30க்குக் கீழே கொண்டுபோகாது. பிளக் போடுவதை முதல் எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே உறும விடத் தேவையில்லை. அதில் இன்ஜின் மட்டும் மெதுவாகச் சூடாகும்; கியர்பெட்டி, சக்கர பேரிங், டயர் எல்லாம் விறைத்தபடியே இருக்கும். கடும் குளிரில் ஐந்து நிமிடம், கண்ணாடி தெளியும் வரை. அப்புறம் முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். இந்த நேரத்தில் டயர் 'டக் டக்' என்று குதிக்கும், ஸ்டீயரிங் முனகும். இரவெல்லாம் நின்றதில் டயரின் அடிப்பக்கம் தட்டையாக விறைத்திருக்கும். சதுர டயர் என்று இங்கே கேலியாகச் சொல்வார்கள். பத்து நிமிடத்தில் உருண்டை திரும்பிவிடும். கராஜுக்குள் ஒருபோதும் இன்ஜினை ஓட விடாதீர்கள், கதவு திறந்திருந்தாலும்.

கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். வைப்பர் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், பனி விழும் இரவில் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. கதவு ஒட்டினால் கைப்பிடியை வெறிகொண்டு இழுக்காமல், கதவை உள்நோக்கி ஓர் அழுத்து அழுத்திவிட்டு இழுங்கள். குளிரில் பிளாஸ்டிக் அப்பளம். இலையுதிர் காலத்திலேயே கதவு ரப்பரில் சிலிக்கோன் தடவிவிட்டால் நல்லது. உள்ளே மூச்சுக்காற்று கண்ணாடியில் படிந்தால் வெளிக்காற்றை உள்ளே விடும் பொத்தானையும் ஏசியையும் போடுங்கள். குளிர்காலத்தில் ஏசியா என்று கேட்பீர்கள். அது ஈரத்தை உறிஞ்சத்தான். கைப்பிரேக்கை ஈரமான நாளில் போட்டு வைத்தால் உறைந்து சிக்கும், ஆட்டோ கியர் வண்டியாக இருந்தால் சமதளத்தில் கியரை 'பி'யில் (பார்க்) விட்டால் போதும்.

கூரையிலிருக்கும் பனியையும் தள்ளிவிடுங்கள். பிரேக் போடும்போது அது அப்படியே சரிந்து உங்கள் முன்கண்ணாடியை மூடும், அல்லது பின்னால் வருபவர் மேல் பறக்கும்.

செல்ஃப் எடுக்கவில்லையா? இங்கே அக்கம்பக்கத்தாரிடம் 'பூஸ்ட் தர முடியுமா' என்று கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டபோது எனக்குப் பாலில் கலக்கும் பூஸ்ட்தான் நினைவுக்கு வந்தது. வரிசை இதுதான்: சிவப்பு ஒயரின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு ஒயர் முதலில் நல்ல பேட்டரியின் மைனஸ்; கடைசி முனையை உங்கள் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இன்ஜினின் வர்ணமில்லாத உலோகத்தில் கவ்வ விடுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசிந்திருக்கலாம், அதனால்தான். நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓட விட்டு, பிறகு உங்கள் வண்டியைக் கிளப்புங்கள். கழற்றும்போது வரிசை தலைகீழ். பணம் கட்டிய சாலை உதவியைக் கூப்பிடலாம்தான். ஆனால் உங்களுக்கு வண்டி எடுக்காத காலையில் ஊரில் பாதிப் பேருக்கும் எடுக்காது, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும்.

எட்டாம் படி: சாலையில்

மைனஸ் 25ஐவிட மைனஸ் 2 ஆபத்தானது. உருகும் நிலையிலிருக்கும் பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும், எண்ணெய் தடவிய கண்ணாடிதான். கடும் குளிரில் வழுக்கும் இடம் சிக்னல்கள்: நிற்கும் வண்டிகளின் புகையிலுள்ள ஈரம் சாலையில் படிந்து உறைந்து, டயர்கள் அதைத் தேய்த்து மெருகேற்றியிருக்கும். சிக்னலுக்கு நூறு மீட்டர் முன்பே காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். முன்வண்டிக்கும் உங்களுக்கும் எட்டு விநாடி இடைவெளியாவது வேண்டும். வேகத்தைத் தானே நிலையாகப் பிடித்துவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடாதீர்கள்.

பிரேக்கை மிதித்ததும் பெடல் காலடியில் தடதடவென்று அதிரும். அது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் வேலை செய்யும் சத்தம். பயந்து காலை எடுக்காதீர்கள், அழுத்திப் பிடியுங்கள். வண்டி சறுக்கினால் இரண்டு பெடல்களிலிருந்தும் காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து அங்கே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். எதில் மோதிவிடுவோமோ என்று பயப்படுகிறீர்களோ அதைப் பார்க்கக் கூடாது; கண் போகிற வழியிலேயே கையும் போகும். முதல் பனி விழுந்ததும் காலியான வாகன நிறுத்தம் ஒன்றில், 20 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டுமென்றே பிரேக் அடித்துப் பழகிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

பனியில் சக்கரம் புதைந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க குழி ஆழமாகும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வாரி, மணல் தூவி, முன்னும் பின்னுமாக ஊஞ்சல்போல ஆட்டி எடுங்கள்.

நெடுஞ்சாலையில் புயலில் மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்கவே நடக்காதீர்கள். மணிக்குப் பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன்னால் இறங்கி, சைலன்சர் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்து வாருங்கள். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும்; அதற்கு வாசனை கிடையாது, தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். காற்றடிக்காத பக்கக் கண்ணாடியை விரல் நுழையும் அளவு திறந்து வையுங்கள். கிளம்புவதற்கு முன்பே மானிடோபா 511ல் சாலை நிலவரம் பார்த்திருந்தால் பெரும்பாலும் இந்த நிலைமையே வராது.

உப்பு

சாதாரண உப்பு மைனஸ் 10, 12க்குக் கீழே பனியை உருக்காது. அதனால் வினிபெக்கில் கடும் குளிரில் மணலைத்தான் அதிகம் தூவுவார்கள். டொரன்டோவில் வெப்பநிலை அந்த எல்லைக்கு மேலேயே சுற்றுவதால் உப்பை வாரி இறைக்கிறார்கள், அங்கே வண்டி சாவது துருவில்தான். வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் அடிப்பாகத்துக்கு எண்ணெய் அடித்துவிடுங்கள். இரண்டு நாள் சொட்டும், நாறும். பொறுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை மைனஸ் 5க்கு மேல் ஏறும் நாளில், அடியிலும் தண்ணீர் பீய்ச்சும் இடமாகப் பார்த்துக் கழுவி, கதவு ஓரங்களைத் துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் கதவு திறக்காது. உப்போடு வந்த வண்டியைக் கதகதப்பான கராஜில் நிறுத்துவது துருவுக்கு விருந்து வைப்பது மாதிரி. வெப்பம் கூடினால் அரிப்பும் வேகம் பிடிக்கும்.

மின்சாரக் கார் என்றால்

ஓடும். 2024ல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது கிட்டத்தட்ட மின்சாரம்தான், அங்கே யாரும் கோடையில் மட்டும் ஓட்டவில்லை. ஆனால் ஒரு சார்ஜில் போகும் தூரம் கடும் குளிரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். இரவெல்லாம் பிளக்கிலேயே விட்டு, கிளம்பும் முன் வீட்டு மின்சாரத்திலேயே உள்ளறையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது, குறைந்த மின்சாரத்தில் உள்ளறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப் உள்ளதைக் கேளுங்கள். வீட்டில் சார்ஜ் போட வழியில்லாதவர்கள் எங்கள் ஊர்க் குளிரில் வாங்குவதை நான் இப்போதைக்குச் சிபாரிசு செய்யமாட்டேன்.

கடைசிப் படி: ஏப்ரல், மே

காலையிலும் 7 டிகிரிக்கு மேல் நிலைத்த பிறகே டயரை மாற்றுங்கள். இங்கே அது ஏப்ரல் கடைசி, சில வருஷம் மே. குளிர்கால டயரை வெயிலில் ஓட்டினால் அழிரப்பர் மாதிரி கரையும். கழற்றுவதற்கு முன் சாக்கட்டியால் ஒவ்வொரு டயரிலும் 'முன் இடது', 'பின் வலது' என்று எழுதிவிட்டு, அடுத்த முறை முன்னதைப் பின்னால் மாற்றிப் போடுங்கள். பனி உருகியதும் சாலையெல்லாம் குழி. ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட் பாருங்கள். அடிப்பாகத்தை ஒரு தடவை நன்றாகக் கழுவுங்கள். கல் பட்டுக் கண்ணாடியில் விழுந்த பொட்டு இருந்தால் இப்போதே அடைத்துவிடுங்கள், அடுத்த குளிருக்கு அது நீளமாகக் கோடு போடும்.

அப்படியே, கைபேசி நாட்காட்டியில் செப்டம்பர் 25க்கு 'பேட்டரி அளக்க' என்று ஒரு குறிப்புப் போட்டுவிடுங்கள்.